பச்சைத் தண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். நான் சௌக்கியம். வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் எழுந்தால் அது எழுவதில்லை. உங்கள் ரத்த அழுத்தமும் அண்ணியின் இடுப்பு வலியும் எப்படி இருக்கின்றன? ஒன்றோடொன்று போட்டி போடாமல் இருந்தால் சரி.

ஓர் உதவி வேண்டும். உட்கார்ந்து படியுங்கள். அண்ணி பக்கத்தில் இருந்தால் அப்புறம் படியுங்கள்.

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ், வீட்டில் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றுதானே நினைத்தீர்கள்? நான் பார்ட்டிக்குப் போகிறேன். ஊருக்கு வெளியே பழைய கிடங்கு ஒன்றில் ஞாயிறு மதியம் ஆட்டம் ஆரம்பிக்கும். வருகிறவர்களில் சிலர் போதை மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். ‘சிலர்’ என்று எழுதியது உங்கள் ரத்த அழுத்தத்துக்காக.

நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே ஓரமாக ஒரு மேசை போட்டிருக்கிறோம். மாத்திரை கொடுப்பதில்லை, யாரையும் பிடித்துக் கொடுப்பதும் இல்லை. குடிக்கத் தண்ணீர், உட்கார நாற்காலி, மயங்கினால் பார்த்துக்கொள்ள நான். போடாதே என்று சொல்வோம். கேட்காதவனும் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கொள்கை. மேசையில் பெயர் கேட்பதில்லை. கேட்டதையும் பார்த்ததையும் வெளியே சொல்வதில்லை. அது சட்டம்.

எங்கள் தலைவி ஒரு சின்னப் பெண். தலைமுடி நீலம், ஆகவே பெயர் நீலத்தலை. அது கம்ப்யூட்டரைக் கேட்டு ஒரு துண்டறிக்கை தயாரித்தது. தலைப்பு: ‘பாதுகாப்பான கட்சிக்கு எட்டு வழிகள்.’ வாங்கிப் படித்த பையன், “ஆன்ட்டி, நீங்க எந்தத் தொகுதியில நிக்கிறீங்க?” என்று கேட்டான்.

அச்சகத்தில் காலமெல்லாம் மெய்ப்புத் திருத்திய அண்ணன் எனக்கு ஒருவர் இருக்கிறார் என்று பீற்றிக்கொண்டுவிட்டேன். எழுதிக் கொடுங்கள். விவரம் தனித்தாளில்.

மருமகன் போன வாரம் சாப்பிட வந்தான். உங்கள் பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டான்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இருவரும் நலம். நலம் என்று எழுதிய பின் ஒருமுறை இருமிப் பார்த்துக்கொண்டேன், நலம்தான். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊருக்கெல்லாம் சொல்வாய், உனக்குச் செய்துகொள்ள மாட்டாய்.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது பயந்தேன். மறுபடி படித்து, எதற்காகப் பயந்தேன் என்று வகைப்படுத்தினேன். போலீஸ், உன் முழங்கால், ஊர் வாய். இவற்றுக்கு மேல் ஒன்று: நாம் இப்படி எழுதிக் கொடுத்தால், பெரியவர்களே ‘போட்டுக்கொள், பரவாயில்லை’ என்றது போல் ஆகிவிடாதா? எனக்குத் தெரியவில்லை. எனக்கு எதுவும் உடனே தெரிவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

‘மாத்திரை’ என்ற சொல்லிலும் சங்கடம். இலக்கணத்தில் அது கண்ணிமைக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. எங்கள் வீட்டில் ‘ஒரு மாத்திரை நேரம் பொறு’ என்றால் எல்லோருக்கும் புரியும்; உன் அண்ணி அடுப்படியிலிருந்து அதைத்தான் சொல்வாள், பையனும் அப்படியே பேசிப் பழகிவிட்டான். வேறு எந்த வீட்டிலும் நான் இதைக் கேட்டதில்லை. ஆனால் துண்டறிக்கையில் ‘அரை மாத்திரை’ என்று எழுதினால் எனக்கு மெய்யெழுத்துதான் கண்முன் நிற்கிறது. ‘குளிகை’ என்று மாற்றலாமா?

முதல் படி இணைத்துள்ளேன். மாதிரிக்கு இரண்டு வரி: ‘குளிகை உட்கொண்டோர் சிறிது சிறிதாக நீர் அருந்துக. துவண்டு வீழ்ந்தோரை ஒருக்களித்துக் கிடத்துக.’

ஒரு வேண்டுகோள். இந்தச் சமாசாரமெல்லாம் பையன் காதில் விழ வேண்டாம். லிஃப்டில் ஏறவே பயப்படும் எனக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் பிள்ளை பிறந்திருக்கிறான். தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருக்கிறவன்.

என்றும் உன் நலம் விரும்பும்
அண்ணன்


மார்ச் 4

அண்ணாவுக்கு வணக்கம்.

ஒத்தடம் கொடுத்தேன். முழங்காலுக்குப் பதில் பாதம் வெந்தது. மற்றபடி சுகம். நீங்கள் இருமிப் பார்த்ததை அண்ணி பார்த்திருந்தால் கஷாயம் வைத்திருப்பார், தப்பித்தீர்கள்.

உங்கள் படியை நீலத்தலையிடம் காட்டினேன். ‘குளிகைன்னா குளிக்கிறதா?’ என்றது. ‘ஒருக்களித்துக் கிடத்துக’ வரைக்கும் போய்விட்டு, “ஆன்ட்டி, இது உயிரோட இருக்கிறவங்களுக்கா, அடக்கம் பண்றதுக்கா?” என்று கேட்டது. அண்ணா, கல்வெட்டு வேண்டாம். ஆடிக்கொண்டே வந்து வாங்குகிறவன் ஆடிக்கொண்டே படிக்க வேண்டும். பேசுகிற மாதிரி எழுதுங்கள். மாத்திரை மாத்திரையாகவே இருக்கட்டும்.

பெரியவர்களே சம்மதம் சொன்ன மாதிரி ஆகுமா என்று கேட்டீர்கள். குடை விற்கிறவரா மழையைக் கூப்பிடுகிறார்? வார்டில் வேலை பார்த்த காலத்தில் தூக்கி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. முதல் மாத்திரை ஏறவில்லை என்று அவசரப்பட்டு இரண்டாவதைப் போட்டவன், மேலே மதுவை ஊற்றியவன், தண்ணீரே குடிக்காமல் வெந்து போனவன், பயந்துபோய் வாளி வாளியாகக் குடித்து அதனாலேயே சுருண்டவன். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு சிநேகிதன் இருந்தான். அவனுக்கு ஒரு வரி தெரிந்திருந்தால் போதும். அந்த வரிதான் உங்களிடம் கேட்கிறேன்.

முதல் வரி, ‘போடாமல் இருப்பது ஒன்றுதான் முழுப் பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும். உங்கள் மனசும் ஆறும்.

மருமகனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவனுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

உன் பாதம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கு உடல்நலத்தில் குறையில்லை. குடும்ப நலத்தில் சிறு பாதிப்பு, கீழே விளக்குகிறேன்.

பேச்சுத் தமிழில் எழுதச் சொன்னாய். எனக்கு அது பழக்கமில்லை. ஆகவே முறைப்படி ஆராய்ந்தேன். கல்லூரி வாசலில் உள்ள பேருந்து நிறுத்தத்தில் மாலை வேளைகளில் உட்கார்ந்து இளைஞர்கள் பேசுவதைக் கேட்டேன். மூன்றாம் நாள் ஒரு பெண், “தாத்தா, உங்களுக்கு எந்த பஸ்?” என்று கேட்டாள். எனக்கு எந்தப் பேருந்தும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், வந்த பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன்.

என் முடிவு இது. இன்றைய பேச்சுக்கு ஒரே வினைச்சொல் போதும்: ‘போடு.’ சட்டை போடு, சண்டை போடு, பாட்டுப் போடு, மாத்திரை போடு. அச்சக நெறிப்படி ஒரே துண்டறிக்கையில் ஒரே வினையைக் கையாள்வது நல்லது. படிப்பவர் தடுமாற மாட்டார். தண்ணீர் பற்றிய வரியில் மிகவும் எச்சரிக்கையாக இருந்தேன். தண்ணி ‘அடி’ப்பது என்றால் குடிப்பழக்கம் என்பதை நான் அறிவேன். ஆகவே ‘அடி’யை அறவே தவிர்த்துவிட்டேன்.

இப்போது குடும்பம். படியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஆடிக் களைச்சா நடுவுல உக்காருங்க. தெரியாதவங்க குடுத்தா வாங்காதீங்க. என்ன இதெல்லாம்? சாயங்காலமானா பஸ் ஸ்டாப்புக்குப் போறீங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னப்ப நான் நம்பல.”

“அது தங்கச்சிக்கு...”

“அவளுக்கும் குடுக்கறீங்களா!”

விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. கடைசியில் சிரித்தாள். ஆனால் அன்று என் ரத்த அழுத்த மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்து, விழுங்கும் வரை நின்றாள்.

திருத்தப்பட்ட படி இத்துடன். தவறிருந்தால் தயங்காமல் சொல். தவறு இருக்கும் என்றே தோன்றுகிறது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

அண்ணன்


மார்ச் 27 (அஞ்சலட்டை)

அண்ணா, நலம், நலமறிய ஆவல், இடமில்லை. பிரமாதம்! அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். நீலத்தலை, “நீங்க ஒரு தடவை படிச்சுப் பாக்கலியா ஆன்ட்டி?” என்றது. என் அண்ணன் கையால் வந்ததை நான் படித்துப் பார்ப்பதா! அண்ணியிடம் நான் மாத்திரை போடுவதில்லை என்று சொல்லுங்கள். தங்கை.


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். குரல் மட்டும் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை.

துண்டறிக்கையின் நான்காம் வரி: ‘மாத்திரை போட்டவங்க நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி போடுங்க.’

அண்ணா, தண்ணி அடித்தாலும் அதுதான், போட்டாலும் அதுதான்.

மேசையில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. “ஆன்ட்டி, தண்ணி எங்க? கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க” என்று வரிசையில் நிற்கிறார்கள். ஆறாம் வரியில் ‘மதுபானம் கலக்காதீங்க’ என்றும் இருக்கிறதே என்று காட்டினேன். ஒரு மேதாவி சொன்னான்: “மதுபானம்னா ஒயின். தண்ணின்னா பீர். ஒயின்தான் வேணாங்கறாங்க, சரியாத்தான் போட்டிருக்கு.” இன்னொருவன் கையில் பாட்டிலோடு வந்து, “டாக்டர் சீட்டு இருக்கு” என்று துண்டறிக்கையைக் காட்டினான். அவன் மாத்திரையும் போட்டிருந்தான். பாட்டிலைப் பிடுங்கினேன். அந்தப் பாட்டுச் சத்தத்தில், “தண்ணி வேணாம், தண்ணி குடி!” என்று நான் கத்த, அவன் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். கிடங்குக்காரர் வந்து, “உயிரக் காப்பாத்தறோம்னீங்க, இங்க கடை வெச்சிருக்கீங்களா? அடுத்த வாரத்திலேர்ந்து மேசை வேணாம்” என்றார்.

காப்பாற்றியது ஒரு பையன். யார் என்று கேட்காதீர்கள். மேசையில் பெயர் இல்லை. வாங்கிப் படித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். “இத எழுதினவருக்கு இலக்கணம் தெரியும், ஊர் தெரியாது” என்றான். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு தாளிலும் அந்த வரியை அடித்துவிட்டு, ‘பச்சைத் தண்ணி குடிங்க’ என்று எழுதினான். பச்சைத் தண்ணி! இத்தனை பேர் இருந்தும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். கிடங்குக்காரரே படித்துப் பார்த்துவிட்டு மேசையை விட்டுவைத்தார்.

நல்ல நகைச்சுவை அந்தப் பையனுக்கு. ‘முதல் மாத்திரை ஏறலைன்னு அவசரப்பட்டு அடுத்ததைப் போடாதீங்க, பொறுங்க’ என்ற வரியைப் படித்துவிட்டு, “எங்க வீட்டுல ஒரு மாத்திரை நேரம் பொறுன்னா கண்ணிமைக்கிற நேரம். இங்க ஒரு மாத்திரைக்கு எவ்ளோ நேரம் பொறுக்க வேண்டியிருக்கு!” என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நீங்கள் மனம் உடைந்து போகாதீர்கள். பச்சைத் தண்ணியாகத் திருத்தி மறுபடி அச்சிடலாம்.

உடனே பதில் போடுங்கள். ‘போடுங்கள்’ என்று எழுதவே பயமாக இருக்கிறது.

தங்கை


மே 12

அன்புள்ள அண்ணா,

நலமா? அண்ணி நலமா? பதில் இல்லையே. போனில் அண்ணியைக் கேட்டால், “ஜன்னலோரமா உக்காந்துட்டே இருக்கார், என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறார்” என்கிறார். உங்களைக் கூப்பிடச் சொன்னால் ‘உம்’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு பிழை, அண்ணா! எனக்குத் தெரிந்து உங்கள் முதல் பிழை. யாரும் சாகவில்லை. பாட்டில் வைத்திருந்த பையன்கூட மறுவாரம் வந்து, “ஆன்ட்டி, பச்சைத் தண்ணி ஒரு கிளாஸ்” என்று கேட்டு வாங்கிக் குடித்தான். இப்போது கிடங்கு முழுவதும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒருவேளை நீங்கள் சரியாக எழுதியிருந்தால் யாரும் படித்திருக்கவே மாட்டார்கள்.

எங்கள் தப்பும்தான். நான் படித்திருக்க வேண்டும். வருத்தப்படாதீர்கள். நாலு வரி எழுதுங்கள், எதைப் பற்றியாவது.

தங்கை


மே 25

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடல் நலமே. உன் அண்ணியும் நலம். பிழையைப் பற்றி நீ ஆறுதல் சொன்னதற்கு நன்றி. அதை நான் மறந்தே போனேன்.

வேறு ஒரு காரியம். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நீ அறிய மாட்டாய். அவருடைய மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அவன் இத்தகைய விருந்துகளுக்குப் போகிறான் என்று நண்பருக்குத் தற்செயலாகத் தெரியவந்திருக்கிறது. யாரும் கோள் சொல்லவில்லை; சொன்னவருக்கே தாம் சொன்னது தெரியாது. அந்த மகன் போட்டுக்கொள்கிறானா, சும்மா பாட்டுக் கேட்கப் போகிறானா என்று நண்பர் அறியார். தன் தந்தைக்குத் தெரியும் என்பது மகனுக்கும் தெரியாது.

நண்பர் சாதுவானவர். கேட்டுவிடலாம் என்று வாக்கியங்களைத் தயார் செய்கிறார். ‘நீ இப்படிச் செய்யலாமா’ என்று தொடங்கினால் அது கேள்வியா, குற்றச்சாட்டா? வினாக்குறி போடுவதா, வியப்புக்குறியா? கேட்ட பிறகு அவன் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டால்? கேட்காமல் இருந்து, ஒருநாள் உன் மாதிரி ஒரு நர்ஸ் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தால்? இதையெல்லாம் யோசித்து நண்பர் இராமுழுதும் தூங்கவில்லை. காலையில் எழுந்தபோது எனக்கு ஒரே தலைவலி.

உன் அனுபவத்தில் இப்படிப்பட்ட தகப்பன்மார்கள் என்ன செய்ய வேண்டும்? நண்பர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

அண்ணன்


ஜூன் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏப்ரலில் நான் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். மேசைச் சட்டம் பேசுகிற வாய்க்கு இது வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்; நீங்களும் கேட்கவில்லை.

உங்கள் நண்பர் தூங்காததற்கு உங்களுக்கு ஏன் தலைவலிக்கிறது என்றும் கேட்க மாட்டேன்.

நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். மேசைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் ஒன்று கேட்பது வழக்கம்: “உன் சிநேகிதன் மயங்கிட்டா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவியா?” பாதிப் பேர் தயங்குகிறார்கள். எதற்கு? போலீஸுக்கு என்று நினைப்பீர்கள். இல்லை. “வீட்டுக்குத் தெரிஞ்சிடும் ஆன்ட்டி.” மாத்திரைக்குப் பயமில்லை, சாவுக்குப் பயமில்லை, அப்பாவுக்குப் பயம். முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, தானாக எழுந்துவிடுவான் என்று காத்திருக்கிறார்கள். வார்டுக்குத் தாமதமாக வந்தவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் தாமதமானார்கள்.

என் துண்டறிக்கையில் இதற்கு வரி கிடையாது. அதை அந்தந்த வீட்டில்தான் எழுத வேண்டும்.

மருமகனுக்கு ஜூலை முதல் வாரம் விடுமுறை. ஊருக்கு வருகிறானாம். இது உங்கள் நண்பருக்குத் தேவையில்லாத செய்தி, உங்களுக்காக எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

நலம். சுருக்கமாக எழுதுகிறேன்.

நண்பரிடம் சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை. அவரைக் கண்டு இதுவரை யாரும் பயந்ததில்லை. தெருவைக் கடக்க நின்றால் வண்டிகள் வேகத்தைக் கூட்டுகின்றன. காய்கறிக்காரர் அவருக்கென்றே சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கி வைத்திருப்பார். அவரும் நன்றி சொல்லி வாங்கி வருவார். அச்சகத்தில் ஒருநாள் யாரோ நாற்காலியை எடுத்துப்போய்விட, கேட்கக் கூச்சப்பட்டுச் சாயங்காலம் வரை நின்றுகொண்டே மெய்ப்புப் பார்த்தவர். அப்படிப்பட்டவரைக் கண்டு உலகத்தில் ஒருவன் பயப்படுகிறான், அதுவும் உயிர்போகிற நேரத்தில்கூட வாய் திறக்காத அளவுக்கு, என்றால் அவருக்குப் பெருமையாகவா இருக்கும்?

நண்பர் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருக்கிறார். எனக்கு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன்


ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

அண்ணனின் ஆசி. உன் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியதா? நாங்கள் நலம். இனி நண்பர் வேண்டாம், அவரை அனுப்பிவிட்டேன்.

உன் மருமகன் வந்து ஒரு வாரம் இருந்தான். நான் நான்கு வாக்கியங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் நாள் சொல்ல நினைத்தேன், களைத்திருந்தான். அடுத்த நாள் உன் அண்ணி கூடவே இருந்தாள். அதற்கடுத்த நாள் காரணம் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே எனக்குக் காய்ச்சல் வருவது போல் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, உன் அண்ணி கடைக்குப் போயிருந்தாள். மாடிப்படி விளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்கு வாக்கியங்களும் மறந்துவிட்டன. வாயில் வந்தது இதுதான்:

“அங்கெல்லாம் போனா தண்ணி குடிக்கிறியாப்பா?”

ஏணி ஆடியது. “ஐயோ, யாரு சொன்னா? நான் தண்ணியத் தொடறதே இல்லப்பா!”

“தொடணும்டா. நான் கேட்டது பச்சைத் தண்ணி.”

விளக்கைத் துடைப்பதை நிறுத்தினான். பிறகு சொன்னான்: “அத்தை சொன்னாங்களா?”

“அவ ஒண்ணும் சொல்லல. நீதான் சொன்னே. ஒரு மாத்திரை நேரம் பொறுன்னு வேற எந்த வீட்டுல சொல்றாங்க?”

அவன் சிரித்தான். “நானும் நோட்டீஸ் யாரு எழுதினதுன்னு அப்பவே கண்டுபிடிச்சிட்டேன். ‘கொஞ்சமாத் தண்ணி’ன்னு நடுவுல ஒற்று. பேச்சுத் தமிழ்ல ஒற்று போடற ஆளு ஊர்ல நீங்க ஒருத்தர்தான்.”

கீழே இறங்கி வந்து படியில் உட்கார்ந்தான். நானும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன். முகம் பார்க்காமல் பேசச் சௌகரியமாக இருந்தது.

“நிறுத்திட்டேன்னு சொன்னா நம்புவீங்களா?” என்றான்.

“நம்பணும்னு ஆசை.”

“அப்ப பொய் சொல்லல. நிறுத்தல. குறைச்சிருக்கேன். பல நாள் சும்மா ஆடிட்டுத்தான் வரேன்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“உங்களுக்கு லிஃப்ட்டுன்னாலே பயம்.”

“ஆமா. வீட்டுல பயப்படறதுக்கு நான் ஒருத்தன் போதும். நீ என்னைப் பாத்துப் பயப்படாதே. யாராவது விழுந்துட்டா, நீயே விழற மாதிரி இருந்தா, முதல்ல ஆம்புலன்ஸ். போட்டதை மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லு. அப்புறம் எனக்குச் சொல்லு.”

“திட்ட மாட்டீங்களா?”

“திட்டுவேன். வந்து பக்கத்துல உக்காந்து திட்டுவேன். அதுக்கு நீ இருக்கணும்ல?”

விளக்கு மூடியைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நான் சரியாகப் பேசினேனா, விட்டுக்கொடுத்துவிட்டேனா, தெரியவில்லை. போடவே கூடாது என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டுமோ? பிறகு அதையும் சொன்னேன். “போடாம இருக்கறது ஒண்ணுதான் முழுப் பாதுகாப்பு” என்றேன். “முதல் வரி, கொட்டை எழுத்துல” என்றான் அவன். கேலிதான். ஆனால் வரி மனப்பாடமாக இருக்கிறது பார்.

போன ஞாயிறு மதியம் போன் செய்தான். எப்போதும் அம்மாவைக் கூப்பிடுவான், என்னைக் கேட்டான்.

“அப்பா, இன்னிக்குப் போறேன்.”

இப்படி ஒன்றைப் பிள்ளை தகப்பனிடம் சொன்னால் என்ன பதில் சொல்வது? நான் பார்த்த புத்தகங்கள் எதிலும் இல்லை. “யாரு கூட?” என்றேன். மூன்று பேர் என்றான். “சரி” என்றேன். பிறகு, “போயிட்டு வரேன்னு சொல்லுடா” என்றேன். சொன்னான்.

உன் அண்ணி, “எங்க போறானாம்?” என்றாள். “பாட்டுக் கேக்க” என்றேன். என்னையே பார்த்துவிட்டு, “குடிக்கத் தண்ணி எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களா?” என்று கேட்டாள். உன் அண்ணிக்கு எவ்வளவு தெரியும் என்று இன்னும் கேட்கத் துணிவு வரவில்லை. அது அடுத்த முயற்சி.

விளக்கு வைத்ததும் மறுபடி மணி அடித்தது. நான் எடுத்தேன். “வந்துட்டேன்பா” என்றான். “சாப்பிடு” என்றேன். வைத்துவிட்டான்.

நீ அனுப்பியிருந்த துண்டறிக்கையின் புது மெய்ப்பை அன்றைக்கே பார்த்து முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தேன். ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. இருந்திருக்கும். அச்சுக்குப் போகுமுன் நீ ஒருமுறை படித்துவிடு.

உன் அண்ணன்